மாரென் காணாத சைட்டோகைன்

மாரென் ட்ரைலிங்குக்குப் பொறாமை வரும் என்று சொல்லியிருந்தால் அந்த ஆய்வகத்தில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். பெர்லினில் பிளாஸ்மா செல்லைப் பிரித்தெடுப்பதில் அவளுக்கு ஈடு கிடையாது. இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் வெட்டியெடுத்த எலும்பை ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொண்டு டிராமில் வருவாள். மஜ்ஜையை அலசி, அத்தனை செல்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் பிளாஸ்மா செல்களைப் பிடித்துவிடுவாள். உடம்பை விட்டு வெளியே வந்தால் சட்டென்று செத்துப்போகிற ரகம் அது. அவள் கையில் மட்டும் பிழைத்துக் கிடக்கும். இதை அவளிடம் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. குறை சொல்லவில்லையா, அதையே பாராட்டாக வைத்துக்கொள் என்கிற ஊர் அது.

அவள் படித்த காலத்தில் பிளாஸ்மா செல்லுக்கு ஒரே வேலைதான்: கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடியைத் தயாரித்துக் கொட்டுவது. பிறகு ரோன்யா வந்தாள். அப்போதுதான் முனைவர் பட்டம் வாங்கியவள். இந்தச் செல்களில் சில, செல்லுக்குச் செல் சேதி கொண்டுபோகும் சைட்டோகைன்களில் ஒன்றான இன்டர்லூகின் பத்தையும் சுரக்கின்றன என்று கண்டுபிடித்தாள். மற்ற நோயெதிர்ப்புச் செல்கள் வரம்பு மீறிக் குதிக்கும்போது, போதும் அடங்கு என்று சொல்கிற சேதி அது. அக்கம்பக்கத்துச் செல்கள் தூண்டினால் சுரக்கும். தூண்டல் நின்றால் தானும் நிறுத்திக்கொள்ளும்.

மாரெனுக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்தச் செல்லை எப்படிப் பிரிப்பது என்று ரோன்யாவுக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். இத்தனை வருஷம் அதன் முகத்திலேயே விழித்தும் தன் கண்ணில் படாதது, நேற்று வந்தவள் கண்ணில் எப்படிப் பட்டது? போதாக்குறைக்கு அந்த வருஷம் ஆய்வகத்தில் ஒரே ஒரு நிரந்தர வேலை காலியாக இருந்தது. மற்ற எல்லோரையும் போல மாரெனும் ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருந்தவள்தான்.

கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பியவர் கேக் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே வழக்கம். ரோன்யா ஒரு பெரிய தட்டோடு வந்தாள்.

"மாரென், ஒரு துண்டு எடுத்துக்கங்க. அம்மா செஞ்ச பிளம் கேக்."

"பசியில்ல."

"கேக்குக்குப் பசி எதுக்கு?" என்றார் பேராசிரியர் வீலாண்ட், வாய் நிறைய. "நம்ம ரோன்யா ராசிக்காரி. வந்ததும் வராததுமா தங்கத்தைத் தோண்டிட்டா."

நான் வெட்டி வைத்த குழிதானே அது, என்று காபிக் கோப்பையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள் மாரென். யாருக்கும் கேட்கவில்லை.

பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. இன்னொருவரும் இதைச் செய்து காட்ட வேண்டுமாம். வீலாண்ட் அந்த வேலையை மாரெனிடம் கொடுத்தார். அவள் புது எலும்பில் செய்து பார்த்தாள். சைட்டோகைன் இல்லை. பொட்டுக்கூட இல்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து, "எனக்கு வரல" என்று இரண்டே வார்த்தை சொன்னாள். ரோன்யாவின் முகம் வெளுத்துப்போனது. மாரெனுக்கு உள்ளுக்குள் சர்க்கரையாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது தனக்கென்று கேக் வாங்கிக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் கழித்து, குளிர்ப்பெட்டியில் தன் டப்பாவைத் திறந்தபோதுதான் ஒரு மருந்துக் குப்பி கண்ணில் பட்டது. செல் தான் தயாரிக்கும் சைட்டோகைனை வைத்துக்கொள்ளாது, உடனே வெளியே தள்ளிவிடும். செல்லுக்குள் அதைப் பார்க்க வேண்டுமானால் கடைசி சில மணி நேரம் அதன் வாசலை அடைத்து வைக்கிற மருந்தைப் போட்டாக வேண்டும். அந்த மருந்துக் குப்பிதான் இது; மூடி இன்னும் பிரிக்கப்படவில்லை. வாசலைத் திறந்து போட்டுவிட்டு, வீட்டில் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறாள்.

மூடியைத் திருகிக் கொஞ்சம் கீழே கொட்டிவிட்டால் போதும், மருந்து போட்டது போலவே இருக்கும். உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அவள் நிஜமாகவே மூடியில் விரலை வைத்தாள். வைத்த விரல் வைத்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு குப்பியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ரோன்யாவைத் தேடிப் போனாள்.

ரோன்யா தன் செல் தட்டுகளைக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ரோன்யா, நான் வாசலை அடைக்கிற மருந்தைப் போடல. மறந்துட்டேன். மூடிகூட பிரிக்கல, இந்தா பாரு."

ரோன்யா குப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காலைலதான் கட்டுரையை வாபஸ் வாங்கினேன்" என்றாள்.

"வாபஸா? நீ உன் கண்ணால பாத்தியே."

"பாத்தேன். ஏழெட்டு எலும்புல பாத்தேன்."

"அப்புறம் என்ன? நீங்க செஞ்சதுதான் தப்புன்னு எங்கிட்ட சண்டை போடவேண்டியதுதானே?"

"உங்க கையில வரலன்னா அது இல்லவே இல்லன்னுதானே அர்த்தம்? நான் இங்க சேர்ந்த அன்னைக்கே பேராசிரியர் சொன்னது அது. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. என் கண்ணை நான் நம்பல, மாரென். உங்களைத்தான் நம்பினேன்."

இந்த ஒரு பேச்சுக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் ஏங்கிச் செத்தாள். கிடைத்துவிட்டது. பக்கத்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க போய் எப்படி மறந்தீங்க?" என்று கேட்டாள் ரோன்யா. கேள்வியில் குத்தல் இல்லை.

"மருந்து போடவேண்டிய நேரத்துல நீயும் வீலாண்டும் பக்கத்து ரூம்ல சிரிச்சிட்டிருந்தீங்க" என்றாள் மாரென். "என்ன பேசுறீங்கன்னு சுவத்துல காது வச்சுக் கேட்டுட்டிருந்தேன்."