கட்டாக் குவியலில் வைத்த கை

பிலோமினாவின் முதல் நாள்

வேலை பழக வருகிற பிள்ளைகளுக்காக, வேலையில் என் முதல் நாளைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டார்கள். என் முதல் நாளில் எழுதுகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. வெங்காயம் உரித்தேன், சட்டி கழுவினேன், வீட்டுக்குப் போனேன். பிலோமினாவின் முதல் நாள்தான் எனக்கு இன்றைக்கும் அச்சொட்டாக நினைவிருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. உப்புவெளியில் கடலைப் பார்த்தபடி ஒரு சிறிய கெஸ்ட் ஹவுஸ். துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் அதை நடத்தினார். குசினியில் சமையலும் மார்க்கெட்டில் சாமான் வாங்குவதும் என் பொறுப்பு. பிலோமினா என் புருசனின் தங்கை, எனக்கு மச்சாள். வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று மாமி சொல்ல, நான்தான் அவளைக் கையைப் பிடித்து வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

முதல் நாளே அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் எங்கள் கரையின் வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தேன். கரைவலையில் வந்த மீனைச் சம்மாட்டியார் மணலில் குவியல் குவியலாகப் பிரித்துவிடுவார். வலையும் தோணியும் அவருடையவை. சில்லறைக்கு வாங்குகிறவர்களுக்குப் பிறகுதான் ஏலம் கூறுவார். நாங்கள் முழுக் குவியலாக எடுப்பதால் எங்களுக்கு முதல் இடம். ஆனால் மீனைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. அழுத்திப் பார்ப்பது, செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லாம் டவுன் மார்க்கெட்டில் செய்கிற வேலை. கரையில் ஒரு குவியலில் கை வைத்தால் அந்தக் குவியல் உன்னுடையது. வைத்த கையைத் திருப்பி எடுத்தால் அடுத்த நாள் அந்தக் கரைக்கு வரவே முடியாது.

ஆகவே தூரத்தில் நின்று கண்ணால்தான் தெரிய வேண்டும், தொடாமலே தேர்ந்தெடுக்க வேண்டும். மீனின் கண் தெளிவாக இருக்கிறதா, வயிறு தொய்யாமல் இருக்கிறதா, வால் விறைத்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிலோமினா கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். பிறகு நேரே போய் ஒரு பாரைமீன் குவியலில் கை வைத்தாள்.

மத்தியானம் ஐயா சாப்பிட்டுவிட்டுக் குசினி வாசலுக்கே வந்துவிட்டார்.

"இண்டைக்கு மீன் ஆர் தெரிஞ்சது? மீனெண்டால் இதெல்லோ மீன்!"

அத்தனை வருடம் நான் வாங்கிய மீனைத் தின்றவர் அவர். அதுவரை குசினிப் பக்கம் அவர் வந்தது உப்புக் காணாது என்று சொல்வதற்கு மட்டும்தான். என் வயிறு எரிந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதற்குப் பிறகு மீன் அவளுடைய கைக்குப் போனது, எனக்குக் குடிக்கிற சாமான் வந்தது. செவ்விளநீர், தேசிக்காய், ஜிஞ்சர் பியர், கிண்ணியாவிலிருந்து மண் முட்டியில் வருகிற தயிர். நான் அதையும் குறையில்லாமல்தான் செய்தேன். ஆனால் கெஸ்ட் ஹவுசில் சோடாவைக் குடித்துவிட்டு "ஆர் தெரிஞ்ச சோடா?" என்று எவரும் கேட்பதில்லை.

ஒரு விஷயம் மட்டும் நான் கவனித்து வைத்திருந்தேன். பிலோமினா எந்தக் குவியலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குகிறாளோ அந்தக் குவியல் நல்லதாக இருக்கும். அவளோடு கரைக்குப் போகும்போதெல்லாம் மீனை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

போயா லீவு

பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறையான போயா வெள்ளிக்கிழமையில் விழுந்தால் மூன்று நாள் லீவு. கொழும்புச் சனம் காரைப் பிடித்துக்கொண்டு திருகோணமலைக்கு வந்துவிடும். எங்கள் ஐயா ஓர் எண்ணெய் ட்ரம்மை நெடுக்காகப் பிளந்து, கால் பூட்டி, மேலே கம்பித் தட்டுப் போட்டு வைத்திருந்தார். ஒரு ஜெர்மன்காரர் காட்டிக்கொடுத்த வேலை அது. சிரட்டைக் கரியைப் போட்டு மூட்டி, பின்னேரம் கடற்கரையில் பார்பிக்யூ நடக்கும். நிலவும் எறிக்கும். சனத்துக்கு அது பெரிய விருப்பம்.

வாங்கிப்போடுகிற எங்களுக்குத்தான் தெரியும் அதன் கஷ்டம். போயாவில் சாராயக் கடை பூட்டு, இறைச்சிக் கடையும் பூட்டு. முதல் நாளே இறைச்சி வாங்கி ஐஸில் போடலாம், ஆனால் போயாவில் இறைச்சி சுடுவதற்கு ஐயா விடமாட்டார். நண்டு சுடலாம் என்றால் நிலவு காலத்து நண்டுக்குள் சதை இருக்காது, ஓட்டைப் பிளந்தால் தண்ணீர்தான். கடைசியில் மீன் ஒன்றுதான் மிஞ்சும். மீன் பிழையாகப் போனால் பார்பிக்யூவே பிழையாகிவிடும்.

அந்த முறை போயாவுக்கு முதல் நாள் ஐயா எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"நிலாவெளியில பெரிய ஹோட்டல் ஒண்டு கட்டுப்படுது எல்லே, அந்த முதலாளி நாளைக்குக் குடும்பத்தோட வாறார். மார்க்கெட் வேலைக்கு ஆள் தேடுறாராம். பொம்பிளையெண்டாலும் பரவாயில்லையாம். உங்கள் ரெண்டு பேரையும் பற்றிச் சொல்லியிருக்கிறன்."

"ரெண்டு பேரையும் எடுப்பாரோ ஐயா?" என்று பிலோமினா கேட்டாள்.

"ஒரு ஆளைத்தான். நாளைக்கு ஆளுக்கொரு குவியல் எடுங்கோ. அவர் திண்டு பாத்துச் சொல்லட்டும்."

அந்த வேலை எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மாரி தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், வெளியாட்கள் வரமாட்டார்கள், கெஸ்ட் ஹவுசைப் பூட்டிவிடுவார்கள். அந்த மாதங்களில் எனக்குச் சம்பளம் இல்லை. புருசனுக்குத் துறைமுகத்தில் நாட்கூலி, மழையென்றால் அதுவும் இல்லை. நிலாவெளி வேலை வருடம் முழுவதும் சம்பளத்தோடு, ஈபிஎஃப் பிடிக்கிற வேலை. ஒரு மாரியையாவது மாமியின் வாயைப் பார்க்காமல் கழிக்கலாம் என்று நினைத்தேன். பிலோமினாவுக்கும் அந்த வேலை தேவைதான். ஆனால் அவளுடைய தேவையைப் பற்றி யோசிக்க எனக்கு அன்றைக்கு மனம் வரவில்லை.

கரையில் நடந்தது

வெள்ளிக்கிழமை காலை. நிலவு காலம் என்பதால் வலையில் மீன் குறைவு. நாலைந்து குவியல்கள்தான் இருந்தன. கடல் பக்கமாக ஒன்று, மற்றவை மேட்டுப் பக்கமாக. பிலோமினா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் கண் சுருங்கியது. முகம் கடல் பக்கத்துக் குவியலுக்கு நேரே இருந்தது. இவள் காலடி எடுத்து வைக்கும் முன்னால் நான் போய்விட வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்க் கையை வைத்தேன். வைத்த பிறகுதான் குனிந்து பார்த்தேன்.

அவ்வளவும் கட்டா.

கட்டா நல்ல மீன்தான், கருவாட்டுக்கு. பச்சையாக நெருப்பில் வைத்தால் கொழுப்பில்லாத சதை, காய்ந்து தும்பு தும்பாகப் போய்விடும். பார்பிக்யூவுக்குக் கட்டா வாங்குகிறவரை நான் அதுவரை கண்டதில்லை.

சம்மாட்டியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "என்ன திரேசாக்கா, கருவாடு போடப் போறியளே?"

பிலோமினா ஓடி வந்தாள். "மச்சாள், கட்டாவையே எடுத்தனீங்கள்?"

"ஓம். எனக்குத் தெரியும் நான் என்ன எடுக்கிறன் எண்டு."

அவள் மேட்டுப் பக்கம் போய், அவசரப்படாமல் ஆறுதலாக நின்று பார்த்து, ஒரு விளைமீன் குவியலில் கை வைத்தாள். கொழுத்த விளைமீன். சுடுவதற்கென்றே பிறந்த மீன். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது. உன்னுடைய கண்ணை நம்பி ஓடின எனக்கு இந்தக் கட்டா, உனக்கு அந்த விளைமீனா என்று அவளை மனதுக்குள் திட்டிக்கொண்டே கூடையைச் சுமந்தேன்.

குசினிக்கு வந்து கட்டாவை வெட்டும்போதே தெரிந்தது, இதை இப்படியே வைத்தால் நான் தொலைந்தேன் என்று. அலுமாரிக்குப் பக்கத்தில் கிண்ணியாத் தயிர் வரிசையாக இருந்தது. மோருக்கென்று நானே ஒவ்வொரு முட்டியாகக் கவிழ்த்துப் பார்த்து எடுத்த எருமைத் தயிர். கவிழ்த்தாலும் விழாத தயிர். அதில் பாதியைத் துணியில் கட்டித் தண்ணீரை வடியவிட்டேன். மிளகு, உள்ளி, கொஞ்சம் மஞ்சள் அரைத்துக் கலந்து, கட்டாத் துண்டுகளைக் கீறி அதற்குள் அமிழ்த்தி, மத்தியானம் முழுக்க ஐஸ் பெட்டியில் வைத்தேன். புளித்த தயிரில் ஊறினால் சதை இளகும், தயிரின் கொழுப்பு காயவும் விடாது. எருமை இறைச்சிக்குச் செய்கிற வேலைதான். மீனுக்குச் செய்து பார்த்தது அன்றைக்குத்தான். மோர் குறைந்துபோனதற்குச் செவ்விளநீர்க் குலைகள் கூட இரண்டு வெட்டுவித்தேன்.

பிலோமினா எட்டிப் பார்த்தாள். "என்ன மச்சாள், மீனுக்குத் தயிரோ?"

"உன்ர மீனை நீ பார்" என்றேன்.

முதலாளி கேட்ட கேள்வி

பொழுது சாய்ந்ததும் கரி நன்றாகப் பிடித்தது. தட்டில் ஒரு பக்கம் விளைமீன், மறுபக்கம் கட்டா. கட்டா வெடிக்கவில்லை, ஒட்டவில்லை, தயிர் பொன்னிறமாகப் பிடித்துக்கொண்டது. முதலாளி உயரமான, அதிகம் பேசாத மனிதர். கதிரையை மணலில் போட்டு இருந்துகொண்டு முதலில் விளைமீனைத் தின்றார். தலையை ஆட்டினார். பிறகு கட்டாவைத் தின்றார். இன்னொரு துண்டு கேட்டார். அதற்குப் பிறகும் ஒன்று கேட்டார். விளைமீனைத் திரும்பக் கேட்கவில்லை. நான் எண்ணிக்கொண்டே நின்றேன்.

"இது என்ன மீன்?"

"கட்டா, சேர்" என்றார் ஐயா. "திரேசா தெரிஞ்சது."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "பார்பிக்யூவுக்கு ஒருத்தரும் கட்டா எடுக்கிறேல்ல. நீங்கள் ஏன் எடுத்தனீங்கள்?"

அந்த இடத்தில் தயிரைப் பற்றி நான் சொல்லியிருக்கலாம். ஊறவைத்த விதத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் பிலோமினா வெள்ளைச் சேலையில் சிரித்துக்கொண்டு நின்றாள். அவளை வென்றுவிட்டேன் என்ற சந்தோசம் என் தொண்டை வரை நிரம்பியிருந்தது. எல்லோருக்கும் முன்னால் அவள் முகம் கறுக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"இவ கண் வச்ச குவியல் சேர் அது. இவ போக முந்தி நான் ஓடிப்போய்க் கையை வச்சிட்டன்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். முதலாளியும் சிரித்துவிட்டுப் பிலோமினாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப தெரிஞ்சது இவ, தூக்கினது நீங்கள். எனக்கு மீன் தெரிஞ்செடுக்கிற ஆள்தான் வேணும்."

மாத முடிவில் பிலோமினாவுக்கு வேலைக் கடிதம் வந்தது.

பஸ் நிலையத்தில்

அவள் நிலாவெளிக்குப் போன அன்று, புருசன் சொன்னதற்காக அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை போனேன். பஸ் பிந்திவிட்டது. இருவரும் நிழலில் நின்றோம். பேசாமல் நிற்க முடியாமல் கேட்டேன்.

"பிலோமினா, அண்டைக்கு அந்தக் கட்டாவில நீ என்னத்தைக் கண்டனீ?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் கட்டாவைப் பாக்கேல்ல மச்சாள். அந்தக் குவியல் கிடந்ததே எனக்குத் தெரியாது. கடல் பக்கம் வெயில் முகத்தில அடிச்சுது, கண்ணைத் திறக்க ஏலாமல் நிண்டனான்."

அப்படியென்றால் அந்த மீனை எவரும் தெரிந்தெடுக்கவில்லை. எனக்கு அகப்பட்ட குப்பை மீனை நானே என் தயிரால், என் கையால் மேசைக்கு ஏற்றியிருக்கிறேன். அவ்வளவையும் தூக்கி இவள் மடியில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"அதை நீ அவருக்குச் சொல்லியிருக்கலாமே?"

"நானோ சொன்னனான்? நீங்கள்தானே மச்சாள் சொன்னனீங்கள்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

பிள்ளைகளே, நான் படித்த பாடம் இதுதான். சாமான் தெரிந்தெடுக்கப் போனால் சாமானைப் பாருங்கள், பக்கத்தில் நிற்கிற ஆளின் முகத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் கைவேலை நன்றாக வந்துவிட்டால் அது உங்களுடையதுதான் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். அடுத்தவரைக் குத்துவதற்கு வாயைத் திறந்தால் சொல்ல வேண்டியதைச் சொல்ல மறந்துபோகும்.

பாடம் படித்ததால் மனம் திருந்தியது என்று நினைத்துவிட வேண்டாம். பிலோமினா நிலாவெளிச் சம்பளத்தில் வீடு கட்டி ஓடு போட்டாள். எங்கள் ஒழுங்கையிலேதான் அந்த வீடு. மாரியில் நான் கடைக்குப் போகும்போது விறாந்தையில் நின்று கூப்பிடுவாள்: "மச்சாள், வாங்கோ, மழை விட்டாப் பிறகு போகலாம்."

நான் நனைந்துகொண்டே போய்விடுவேன்.