யூனிபாரம் குருவியின் காடு

விழுப்புரத்துக்கும் கெடாருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். பள்ளிக்கூடத்தில் கற்றது கொஞ்சம். மீதியெல்லாம் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தவர்கள் பேசப் பேசக் காதில் வாங்கியது. நான் சொல்ல வந்த குருவிக்குப் பெயர் கிடைத்ததும் அப்படித்தான்.

வழியில் ஓர் ஊரில் அய்யனார் கோயில் காடு இருந்தது. ‘இருந்தது’ என்று எழுதும்போதே கோபம் வருகிறது. வீரமரமும் காயாவும் நெருக்கியடித்து நிற்க, கொடிகள் ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துக் கட்டிப் போட்டிருக்கும். அங்கே காய்ந்த சுள்ளியைக்கூட யாரும் எடுத்துப் போக மாட்டார்கள்; அது சாமியுடையது. மத்தியானச் சோற்றை அந்த நிழலில்தான் பிரிப்பேன்.

ஐப்பசி மழை விட்டதும் அந்தக் கொடிகளுக்குள் ஒரு குருவி வந்து சேரும். சிட்டுக்குருவி அளவுதான். தலையும் மார்பும் நல்ல நீலம், வயிறு வெள்ளை, பிடரியில் மட்டும் மை வைத்த மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. ஓரிடத்தில் நிற்காது. வாலை விரிக்கும், பறக்கிற ஈயை லபக்கென்று பிடிக்கும், கரகரவென்று யாரையோ திட்டும். வெட்டவெளிக்கு வரவே வராது. தலை உயரத்தில் நிழலும் கொடியும் இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. புத்தகத்தில் ஈப்பிடிப்பான் வகையில் சேர்த்து நீளமாக ஒரு பெயர் போட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்த பெயரைச் சொன்னவள், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆயக் கூலிக்குப் போகும் ஒரு பெண். ஒருநாள் வண்டி அங்கே நின்றபோது எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாண்ணா இது, கவர்மெண்ட் ஸ்கூல் புள்ளையாட்டம் யூனிபாரம் போட்டுக்கினு திரியுது!” என்றாள். அன்றிலிருந்து எனக்கு அது யூனிபாரம் குருவி.

போன வருஷம் கும்பாபிஷேகம் செய்ய ஊர்க் கமிட்டி கூடியது. தலைவர் நிலம் நீச்சு, டிராக்டர் எல்லாம் உள்ளவர்.

“சாமி இன்னாய்யா பொதர்ல ஒக்காந்துக்கினு இருக்குறாரு! அடியில கெடக்குற கொடி, பொதரு பூரா வாரிட்டு டைல்ஸ் போட்டுடுவோம். லைட்டு போட்டா ஜம்முனு இருக்கும்” என்றார்.

அங்கே சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் சும்மா இருக்கவில்லை. “மரத்த உட்டுட்டு கொடிய எடுத்தா அந்த நீலக் குருவி எங்கங்க போவும்?”

“யோவ், கும்பாபிஷேகம் சாமிக்கா, குருவிக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். பூசாரி மட்டும், “நம்ம இஷ்டத்துக்குப் பண்ண வாணாம். பூப் போட்டுப் பாத்துடலாம்” என்றார்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்து சாமி காலடியில் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். அதற்கு மேல் பேச்சில்லை. நிச்சயம் பண்ணவிருந்த கல்யாணமே இதில் நின்று போயிருக்கிறது.

பூசாரி கண்ணில் முதலில் பட்ட குழந்தையைக் கூப்பிட்டார். குருவிக்குப் பெயர் வைத்தாளே, அந்தத் தங்கச்சியின் மகள். அம்மா அன்று கோயில் வாசல் பெருக்க வந்திருந்தாள். குழந்தை ஓடிப்போய் ஒரு பொட்டலத்தை எடுத்தது. சிவப்பு அரளி. கை தட்டாமல் என்னை அடக்கிக்கொண்டேன்.

“காத்துல பொட்டலம் பெரண்டுடுச்சு, மறுபடி போடு” என்றார் தலைவர்.

மறுபடி போட்டார்கள். குழந்தை மறுபடி எடுத்தது. மறுபடி சிவப்பு.

தலைவர் பூசாரியிடம் மெதுவாகக் கேட்பதுபோல எல்லோர் காதிலும் விழக் கேட்டார்: “காலனிப் புள்ளய எதுக்குய்யா கூப்ட்ட? அதான் சாமி மொகங் குடுக்கல.”

அவருடைய பேரனைத் தூக்கி வந்தார்கள். பையன் எடுத்தான். வெள்ளை. உடனே மணி அடித்தார்கள், குலவை போட்டார்கள். சாமி தெளிவாகச் சொல்லிவிட்டாராம்! அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் சாமி சொன்னதில்லையா? தாங்கள் கேட்க நினைத்தது வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பதற்கு எதற்கு ஒரு சாமி, எதற்கு ஒரு பூ?

தங்கச்சி துடைப்பத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். “எம்பொண்ணு எடுக்கசொல்ல அடிச்ச காத்து ஒங்க பேரன் எடுக்கசொல்ல நின்னுபோச்சாங்க? வாசல் பெருக்கறதுக்கு மட்டும் எங்க கை ஆவுதா?”

“நல்ல காரியத்துல கத்தாத, போம்மா” என்றார் தலைவர்.

“அது கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்கய்யா” என்றேன் நான்.

“பேஜாரு பண்ணாத. ஆட்டோ ஓட்றவன் ஆட்டோவ ஓட்டு.”

திண்டிவனத்திலிருந்து ஜேசிபி வந்தது. சவாரியை விட்டுவிட்டு நின்று பார்த்தேன். ஒரு கொடிப்புதர் சாய்ந்ததும் குருவி அடுத்த புதருக்குள் போகும். அதுவும் சாய்ந்தால் அதற்கடுத்தது. மேலே அத்தனை மரம் இருந்தும் அது ஏறவில்லை. கடைசிப் புதரில் திட்டிக்கொண்டே இருந்தது. இயந்திரச் சத்தத்தில் அதன் குரல் யாருக்குக் கேட்கும்? கடைசிப் புதரும் சாய்ந்தபின் எந்தப் பக்கம் போனது என்று நான் பார்க்கவில்லை.

இந்த ஐப்பசி முடிந்து மழையும் விட்டாயிற்று. குருவி வரவில்லை. கொடி மூடியிருந்த இடைவெளியெல்லாம் திறந்து டைல்ஸ் மேல் வெயில் காய்கிறது. செருப்பைக் கழற்றிய சனம் ‘சுடுது சுடுது’ என்று துள்ளிக்கொண்டு போய்ச் சாமி கும்பிடுகிறது. நிழலுக்குத் தகரக் கொட்டகை போடவேண்டும் என்று கமிட்டி மறுபடி கூடியிருக்கிறது.

போன வாரம் தலைவர் என் வண்டியில் ஏறினார். டிராக்டர் ரிப்பேராம். “இன்னாப்பா, இன்னும் மொகத்த தூக்கிக்கினு இருக்க? சாமி உத்தரவு குடுத்தாரு, செஞ்சோம்.”

“எத்தினியாவது தடவ குடுத்தாருங்க?” என்றேன்.

பின் சீட்டில் சிரிப்புச் சத்தம். அவர் இறங்கவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டார். தங்கச்சியும் பின்னால்தான் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை. வண்டி கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள்:

“எம்பொண்ணு இப்பல்லாம் யாரு எத எடுன்னு சொன்னாலும் கைய பின்னால கட்டிக்குதுண்ணா.”