உப்பு போட்ட வெந்நீர்

எட்டாம் மாதமே பிறந்துவிட்டாள் என் மகள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னது ஒன்றுதான்: "கால் சில்லிட விடாதீங்க."

நன்னிலம் பக்கம் எங்கள் அம்மா வீடு. ஐப்பசி மழை, கரண்ட் வேறு இல்லை. காலி பிராந்தி பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, பழைய வேட்டியில் சுற்றி, பிள்ளைக்கு இருபுறமும் அணைத்து வைப்போம். அந்தக் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தே எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது.

ஒரு மதியம் பாட்டில் சீக்கிரமே ஆறிவிட்ட மாதிரி இருந்தது. மூடி கசிந்து விரல் பிசுபிசுத்தது. நாக்கில் வைத்தால் உப்பு!

"அம்மா! இதுல உப்பு போட்டியா?"

"ஆமா. வறுத்த உப்ப மூட்டை கட்டி ஒத்தடம் குடுத்தா எவ்வளவு நேரம் சூடு நிக்குது! தண்ணிலயும் நிக்கும்னு ஒரு கை அள்ளிப் போட்டேன். சீக்கிரமா வேற கொதிச்ச மாதிரி இருந்துச்சு."

"சீக்கிரம் சுடுறது சீக்கிரம் ஆறும்மா! உப்பு கரைஞ்ச தண்ணி, வெறும் தண்ணி அளவுக்குச் சூட்ட வாங்கி வச்சுக்காது. பிசிக்ஸ் படிக்க வச்சியே, ஒரு வார்த்தை கேட்டியா?"

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. ஒரு கை உப்பால் வரும் வித்தியாசம் தொட்டால்கூடத் தெரியாது. அதுவும் எனக்குத் தெரியும். பயந்து கிடந்த எனக்குக் கத்த ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பிள்ளையின் காலைத் தொட்டேன். ஐஸ்.

அம்மா பிள்ளையைத் தூக்கி, துணியை விலக்கி, தன் வெறும் நெஞ்சோடு ஒட்டவைத்தாள். முந்தானையால் இறுக்கிச் சுற்றிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தவள் அசையவே இல்லை. இப்போது எப்படியிருக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெகுநேரம் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டாள். சிங்கப்பூர் போன். என் வீட்டுக்காரர் பிள்ளையை இன்னும் பார்த்ததே இல்லை. எப்போது பேசினாலும் முதல் கேள்வி அதுதான்.

"கால் சூடா இருக்கா?"

போன் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

"ஏய், சொல்லு! சரி, போய்த் தொட்டுப் பாத்துட்டு வா. நான் லைன்லயே இருக்கேன்."

மழையில் எங்கள் வீட்டுக்கு ஓடினேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்ட பிறகும் முந்தானைக்குள் விடப் பயம்.

"தொடு" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

வெதுவெதுவென்று இருந்தது. அந்தப் பாதம் என் விரலை உதைத்துத் தள்ளியது.

திரும்பி ஓடிவந்து போனை எடுத்தேன். லைன் கட்டாகியிருந்தது. "சூடா இருக்குங்க, சூடா இருக்குங்க" என்று அந்தச் செத்த போனிடமே சொல்லிக்கொண்டிருந்தேன்.