செம்புக் குடத்துத் தண்ணீர்

கரும்பலகையில் நான் எழுதிய 'அ' ஒருநாள் கோணியது. புதுவயலில் அரிசி ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு நான் ஆசிரியை. அப்போது வயது இருபத்து மூன்று. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். போகப்போகச் சாக்பீஸே விரலில் நிற்கவில்லை. பேச்சும் குழறியது.

காரைக்குடி மருத்துவர் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "நரம்புத் தளர்ச்சிதான். கல்யாணத்தைப் பண்ணி வச்சீகன்னா சரியாப் போகும்" என்று அம்மாவிடம் சொன்னார். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. நடுங்குகிற கைக்குத் தாலியா மருந்து?

சொந்தக்காரர்கள் சொன்ன மருந்து, செம்புக் குடத்தில் இரவெல்லாம் வைத்த தண்ணீர். அம்மா புளி போட்டுத் தேய்த்த குடத்திலிருந்து ஒன்றரை வருடம் குடித்தேன். நடுக்கம் கூடியது.

கடைசியில் மதுரைக்குப் போனோம். அங்கே ஒரு பெண் மருத்துவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையம். இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் (செம்பைத் தாங்கியிருக்கும் ஒரு நொதி) மிகக் குறைவு. வில்சன் நோய் (உடலில் செம்பு தேங்கும் பரம்பரை நோய்) என்றார்.

"செம்பு எல்லாருக்கும் வேணும்மா. அது இல்லாட்டி சில நொதிகள் வேலை செய்யாது. உன் ஈரலால மிச்சத்தை வெளியேத்த முடியலை. மூளை வரைக்கும் போயிருச்சு."

"குடத்துத் தண்ணியாலயா வந்துச்சு?" என்றாள் அம்மா.

"இல்லம்மா, இது பிறவிக்கோளாறு. ஆனா அந்தத் தண்ணி இனி வேண்டாம். கூடப் பிறந்தவுக இருக்காகளா? அவுகளையும் சோதிக்கணும்."

"யாருமில்லை" என்றாள் அம்மா.

வீட்டில் அமலி இருந்தாள், என் தங்கை. நேமத்தான்பட்டியில் அவளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். நாக்கு புரளவில்லை. மறுபடி மறுபடி சொன்னேன், எச்சில் வழிய, மருத்துவருக்குப் புரிகிறவரை: "தங்கச்சி இருக்கா."

பேருந்தில் அம்மா அழுதாள். "ரெண்டும் சீக்குன்னா எவன் நம்ம வாசப்படி மிதிப்பான்?"

"மிதிச்சவன், அவ என்னையாட்டம் ஆன பொறகு இருப்பானா?" என்று குழறிக் குழறிக் கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இரத்தம் எடுக்க அமலி தானே வந்து கையை நீட்டினாள். அவளுக்கும் நோய் இருந்தது. நடுக்கம் மட்டும் இன்னும் வரவில்லை. அறிகுறி வருமுன் கண்டுபிடித்தால் துத்தநாக மாத்திரையே (குடல் செம்பை உள்வாங்காமல் தடுப்பது) போதும் என்று புதிய ஆராய்ச்சிகள் சொல்வதாக மருத்துவர் சொன்னார். எனக்குப் பெனிசிலமின் (சேர்ந்த செம்பைச் சிறுநீரில் வெளியேற்றுவது). முதலில் நடுக்கத்தை இன்னும் கூட்டியது. பிறகுதான் மெல்லக் குறைந்தது. இந்த மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சம்பந்தம் நின்றுபோனது. போகட்டும். உங்கள் வீட்டில் ஒருவருக்கு இது இருந்தால், மற்ற பிள்ளைகளை மறைக்காதீர்கள்.

இப்போது மாத்திரைக்காக என் பொழுது, வெறும் வயிறு, சாப்பிட்ட வயிறு என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. கையைக் கேட்காமல் எந்த வேலையும் தொடங்குவதில்லை. காலையில் அமலியும் நானும் சேர்ந்து மாத்திரை போடுகிறோம். எனக்கு அரை டம்ளர்தான் தண்ணீர், அதற்கு மேல் என் கையில் சிந்திவிடும். அவள் தனக்கு விளிம்புவரை ஊற்றி எடுத்து வருகிறாள். ஒரு சொட்டும் சிந்துவதில்லை. அதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. என்னிடமிருந்து பிடுங்கப்பட்ட ஒன்றரை வருடம் எவ்வளவு என்று அப்போதுதான் தெரிகிறது.