கரடிக்குப் பதினொரு பெயர் எழுதியவர்

யாராவது "அதோ கரடி!" என்று கையை நீட்டிவிட்டால் போதும், எங்கள் மிருகக்காட்சி சாலையின் பலகைக்காரர் பெயின்ட் டப்பாவும் கையுமாக அங்கே ஆஜர். "கரடிங்கிறது நாம சொல்றதுங்க. ஸ்வீடன்காரன் என்ன சொல்றான் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். வந்தவர்கள் நெளிவார்கள். இடுப்பில் இருக்கும் குழந்தை வீரிட்டு அழும். அவர் விடமாட்டார்.

கூண்டுகளுக்குப் பலகை எழுதுவது அவர் வேலை. கரடிக்குத் தீனி வைத்துக் கூண்டு கழுவுவது என் வேலை. பதினாறு வருடமாக இந்த மனிதரோடு மாரடிக்கிறேன்.

அவர் அறையில் பழைய புத்தகக் கடையில் பொறுக்கிய ஒன்பது அகராதிகள். பக்க அடையாளத்துக்குத் தூரிகையைச் செருகியிருப்பார். பாதிப் பக்கங்கள் பச்சை பெயின்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மாட்டார். சாயங்காலமானால் அவர் மனைவி எனக்குத்தான் போன் செய்வார். "அண்ணே, இன்னிக்காவது சாப்பிட்டாரா?"

கரடிக் கூண்டுப் பலகைக்காக எட்டு மாதம் அவர் பின்னால் அலைந்தேன். நான் கேட்டது ஒரே ஒரு வரி: தீனி போடாதீர்கள்.

"இருப்பா, பறக்காதே. வடக்கே அந்தக் காலத்து ஜனங்களுக்குக் கரடின்னா குலைநடுக்கம். பேரைச் சொன்னா எதிர்ல வந்து நின்னுடும்னு பயம். அதான் ஸ்வீடன்காரன் 'பியோர்ன்'ன்னான், பழுப்பன்னு அர்த்தம். ரஷ்யாக்காரன் 'மெத்வேத்'ன்னான், தேன் தின்னி. பட்டப்பேர் வச்சே கூப்பிட்டு அசல் பேரே மறந்துபோச்சு!"

"உங்களுக்கு அசல் வேலையே மறந்துபோச்சுங்க" என்றேன். காதில் விழுந்தால்தானே! 'பழுப்பன்' இல்லை, 'காட்டு மிருகம்' என்று வேறொரு அகராதி சொல்லிவிட்டதாம். அந்தப் பஞ்சாயத்திலேயே மூன்று மாதம் போயிற்று.

ஒருவழியாகப் பலகை வந்தது. அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். கிரேக்கத்தில் ஆர்க்டோஸ், லத்தீனில் உர்சுஸ், பிரெஞ்சில் ஊர்ஸ் என்று பதினொரு மொழி, பக்கத்திலேயே தமிழில் அர்த்தம், ஒவ்வொன்றும் ஒரு நிறம். போலந்துக்காரர்கள் சொல்வது என் வாயில் நுழையவே நுழையாது. நான் கேட்ட வரியோ அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி கிடந்தது.

பலகையைப் படித்தவர்கள் எல்லோருக்கும் 'தேன் தின்னி' மட்டும் மனதில் பதிந்துவிட்டது. எதிரே கேன்டீன். தேன் தடவிய பன்னாக வாங்கி உள்ளே வீச ஆரம்பித்தார்கள். தடுக்கப் போனால், "நீங்கதானே போர்டுல போட்டிருக்கீங்க?" என்று ஒரு அம்மாள் என்னிடமே நியாயம் கேட்டார்.

எங்களுடையது கிழட்டுக் கரடி. செவ்வாய்க்கிழமை வாந்தி எடுத்தது. புதன்கிழமை எழுந்திருக்கவே இல்லை. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆனா தாங்காது" என்றார். நேரே பலகைக்காரர் அறைக்குப் போனேன்.

"உங்க தேன் தின்னி அங்க நுரை தள்ளிட்டுக் கிடக்கு. வாங்க, பதினொரு மொழியிலயும் கூப்பிடுங்க. எழுந்திரிக்குதான்னு பார்ப்போம்!"

வந்தார். சுவரைப் பார்த்து முடங்கிக் கிடந்த கரடியைக் கம்பி வழியாக வெகுநேரம் பார்த்தார். இவ்வளவு கத்தியிருக்க வேண்டாமோ என்று எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

பிறகு ஸ்குரூ டிரைவரை எடுத்து, பலகையின் நான்கு திருகாணிகளையும் கழற்றினார். வெறும் தகரமாக இருந்த பின்பக்கத்தைத் திருப்பி, தடித்த தூரிகையைச் சிவப்பில் தோய்த்து, எந்த அகராதியையும் புரட்டாமல் முழு அகலத்துக்கும் எழுதினார்: எதையும் போடாதீங்க. செத்துடும்.

ஊதி ஊதிக் காயவைத்தார். பிறகு, பதினொரு பெயர்களும் கரடியைப் பார்க்கும்படி பலகையை வைத்து, நான்கு திருகாணிகளையும் ஒவ்வொன்றாக முறுக்கினார்.