பணக்காரி வீட்டுப் பாம்பு

கணவன் இறந்தபோது ஊர் சொன்னபடி ஓராண்டு கறுப்பு உடுத்தினாள் நொம்பூசோ. அதைக் கழற்றி எரித்த நாளோடு, ஊர்ப் பேச்சுக்குத் தலையாட்டுவதையும் விட்டுவிட்டாள். தென்னாப்பிரிக்காவின் க்வாமாஷுவில் அவள் தெருவுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் போகட்டும்.

மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் அவளுக்கு வேலை. வெளிநாடு கிளம்பிய மருத்துவர் ஒருவர், தான் வளர்த்த, விஷமில்லாத சோளப்பாம்பைக் கண்ணாடிப் பெட்டியோடு யாருக்காவது கொடுக்கப் பார்த்தார். எல்லாரும் பத்தடி தள்ளி நின்றார்கள். இவள் கை நீட்டினாள். வீட்டில் இன்னோர் உயிர் வேண்டும், ஆனால் அது தன்னைக் கேள்வி கேட்கக் கூடாது. அவ்வளவுதான் அவள் ஆசை.

துலானி என்று பெயர் வைத்தாள். மருத்துவர் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. பெட்டியின் ஒரு பாதிக்கு அடியில் சூட்டு விரிப்பு, மறுபாதி குளிர்ச்சி. வேண்டிய பக்கம் அதுவே போய்க்கொள்ளும். ஒளிந்துகொள்ளக் கவிழ்த்த சட்டி, தண்ணீர்க் கிண்ணம், கொக்கி போட்ட மூடி. முதல் வாரம் தொடவே இல்லை. வாரம் ஒருமுறை உறைந்த சுண்டெலியை வெதுவெதுப்பான நீரில் இளக்கி, இடுக்கியால் நீட்டுவாள். தின்றபின் இரண்டு நாள் கை வைக்கமாட்டாள்.

அதே மாதம் அவளை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். தெருவுக்கு இது போதாதா? பாம்பு வந்தது, பதவி வந்தது, அப்படியென்றால் அது மாம்லாம்போதான்: மனித உயிரைத் தின்று செல்வம் கொடுக்கும் சூனியப் பாம்பு. அந்தப் பேர் விழுந்த வீட்டை ஊர் சும்மா விடாது.

சனிக்கிழமை, கொட்டும் மழையில், தெருக் குழுத் தலைவர் ங்கிடி பத்துப் பேரோடு வந்தார்.

"மா, அதை இன்னைக்கே ஒழிச்சுக் கட்டு. இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணு."

பக்கத்து வீட்டுத் தொகோசிலே கதவிடுக்கில் எட்டிப் பார்த்து அலறினாள். "ஐயோ, கண்ணு நீலமா இருக்கு! பேய்க்கண்ணு!"

"தோல் உரிக்கப் போறான்டி. இப்ப அவனுக்குக் கண்ணு மங்கல், உன்னை மாதிரியே ஒண்ணும் தெரியாது. கத்தாதே."

"உன் புருஷனை அதுக்குத்தானே காவு கொடுத்தே?"

நொம்பூசோவுக்கு ரத்தம் கொதித்தது. "அவர் போயி அஞ்சு வருஷம். இவன் வந்து ரெண்டு மாசம். சாவு வீட்டுல மூணு தட்டு மாட்டுக்கறி தின்னியே, அப்போ எந்தப் பாம்பைப் பாத்தே?"

பிறகு தலைவருக்குக் கதவை அகலத் திறந்தாள். "பாபா, செருப்போடவே உள்ள வாங்க. என் செல்வத்தைப் பாருங்க."

உள்ளே ஆறு வாளிகளில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலின் மேல் பிளாஸ்டிக் விரிப்பு. ங்கிடியின் தொப்பியில் ஒரு சொட்டு விழுந்தது. நகர்ந்தார், அங்கும் விழுந்தது. இன்னும் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் பாம்புப் பெட்டியை ஒட்டிப் போய் நின்றார்.

"அங்கயே நில்லுங்க. நனையாத மூலை அது ஒண்ணுதான். என் கட்டிலைத் தள்ளிப் போட்டுட்டு அந்த இடத்தை இவனுக்குக் கொடுத்தேன், ஈரத்துல கிடந்தா இவனுக்கு நெஞ்சுல சளி கட்டிக்கும். கண்ணாடியை மட்டும் தட்டாதீங்க."

ங்கிடி கூரையை அண்ணாந்து பார்த்தார். "இதை எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே, மா."

"அஞ்சு வருஷமா ஒவ்வொரு கூட்டத்துலயும் சொல்றேன். நீங்க என் வீட்டுக்குள்ள வந்து நிக்கிறதுக்கு ஒரு பாம்பு வேண்டியிருந்துச்சு."

காலி செய்யும் பேச்சு அத்தோடு நின்றது. வியாழக்கிழமை துலானி தோலை ஒரு கிழிசலும் இல்லாமல் உரித்துப் போட்டான். அவள் அதைத் தெருவுக்கு நன்றாகத் தெரியும்படி வாசற்கதவில் மாட்டிவைத்தாள்.