இரண்டாவது சூளைக்கு ஆள் எடுத்த நாள்

2006, பிப்ரவரி மாதத்து ஒரு புதன்கிழமை. காலை ஆறரைக்கு அரியலூரில் ரயிலை விட்டு இறங்கினேன். அந்நிய முதலீடு வந்தால் உற்பத்தி கூடுமா என்று எழுதித் தரும்படி ஒரு வணிகப் பத்திரிகை கேட்டிருந்தது. வீட்டு கேஸ் சிலிண்டர் எப்போது தீரும் என்றுகூடக் கணிக்கத் தெரியாதவனுக்கு இந்த வேலை. மூன்று ரூபாய்க்கு டீ குடித்துவிட்டு, எட்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த சிமெண்ட் ஆலைக்கு ஆட்டோ பிடித்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகளின் தயவில், வாசலை அடையுமுன்பே என் சட்டை வெளுத்துவிட்டது.

ஒன்பது மணி. ஆலையில் ஓர் ஐரோப்பியக் கம்பெனி பங்கு வாங்கியிருக்கிறது. அந்தப் பணத்தில்தான் இரண்டாவது சூளை எழும்புகிறது.

"பழைய சூளைல இதுக்கு மேல ஒரு மூட்டை கூட எடுக்க முடியாது சார். இது வந்தாதான் உற்பத்தி ஏறும்," என்றார் மேலாளர். கட்டுரை அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

வெளியே கொட்டகையில் வெல்டர்களுக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்ற சாதிக், லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் பதினோரு வருஷமாக வெல்டர். லீவு முடிந்து, வரும் ஞாயிறு விமானம் ஏற வேண்டும். இன்று தேறிவிட்டால் போக வேண்டியதில்லை.

"சம்பளம் அங்க வாங்குறதுல பாதிதான் சார். ஆனா எம்பொண்ணு இன்னும் என்னைப் பாத்தா அவங்கம்மா பின்னால போயி ஒளியுது," என்றார்.

பன்னிரண்டு மணிக்கு, அவர் பற்றவைத்த தகட்டை இயந்திரத்தில் வைத்து வளைத்தார்கள். விரிசல் விட்டால் வேலை கிடையாது. சாதிக் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். "பாஸ்" என்ற குரல் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என் கையைப் பிடித்தார். "வூட்டுக்கு வாங்க சார், சாப்பிட்டுத்தான் போகணும்."

பெரம்பலூருக்குப் பத்து ரூபாய் டிக்கெட். அங்கே பஸ் மாறி லப்பைக்குடிக்காடு போனபோது மணி மூன்றரை. செய்தியைக் கேட்ட அவர் மனைவி மும்தாஜ், "அல்ஹம்துலில்லாஹ்" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்புறம்தான் அறையின் மூலையைப் பார்த்தோம். பெயர் எழுதிய பதினோரு பொட்டலங்கள். யாராவது வளைகுடாவுக்குத் திரும்புகிறார்கள் என்றால், அங்கே பிள்ளைகள் இருக்கும் வீட்டார் ஊறுகாயும் பொடியும் கொண்டுவந்து கொடுத்தனுப்புவது இந்த ஊர் வழக்கம்.

"ஏன் வாங்கி வச்சே?" என்றார் சாதிக்.

"டெஸ்ட்டுன்னு சொன்னா கண்ணு பட்டுரும்னு யாருகிட்டயும் சொல்லலைங்க. சொல்லாம எப்புடி வேண்டாங்கறது?"

ஐந்து மணிக்குத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார்கள். நானும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டேன். முதல் வீடு கதீஜா மாமியுடையது. மகன் ஷார்ஜாவில் இருக்கிறான்.

"மாமி, நான் போகலை. அரியலூர்லயே வேலை கெடச்சிருச்சு."

மாமி எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை வாங்கி, மூடியைத் துடைத்தார். "நல்லாயிரு தம்பி," என்று பாட்டிலை மும்தாஜிடமே நீட்டினார். "நீங்களே சாப்புடுங்க. எம்மவனும் வெல்டருதான். அந்தச் சூளைக்கு இன்னும் ஆளு வேணுமான்னு கேட்டுச் சொல்றியா?"

பத்திரிகையின் கேள்விக்கு மேலாளர் காலையிலேயே பதில் சொல்லிவிட்டார். மாமி கேட்டதை அதற்குக் கீழே நோட்டில் எழுதிக்கொண்டேன். தெருவில் இறங்கி நடந்தோம். இன்னும் பத்து வீடு பாக்கி இருந்தது.